மூன்றரை டிகிரி: ஓர் ஏ–சி இணையின் நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியில் நான் வேதியியல் சொல்லித்தரும் கல்லூரியில், முதுகலை மாணவி ஒருவரின் ஆய்வுத்திட்டத்தின்போது நடந்தது இது. திட்டம் எளிமையானதுதான். டிஎன்ஏ ஈரிழையின் நடுவில் ஒரு பொருந்தா இணையை, அதாவது முறைப்படி சோடி சேராத இரு எழுத்துகளை, வைத்தால் அந்த ஈரிழை எவ்வளவு பலவீனமாகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதி கொண்ட ஒரு யூவி ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்களிடம் இருந்தது. ஆலிகோக்களை, அதாவது குட்டையான ஒற்றை டிஎன்ஏ இழைகளை, வெளியிலிருந்து வாங்கினோம். மாணவி கடலூர் ஓ.டி.யிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி வந்து சேரவே காலை ஒன்பதரை ஆகிவிடும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு உருகல் வரைபடங்கள் (சூடேற்றும்போது ஈரிழை பிரிவதைக் காட்டுபவை) எடுத்தாலே பெரிது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வொரு அளவீட்டுக்கும் அரைநாள் போகும் இடத்தில், ஓர் எண் மாறிப்போனால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

நான்கு ஆலிகோக்கள், ஒவ்வொன்றும் 12 காரங்கள் (டிஎன்ஏ-வின் எழுத்துகள்) நீளம். முதல் இரண்டும் நடு எழுத்தில் மட்டும் வேறுபடுபவை: ஒன்றில் அடினைன் (ஏ), மற்றதில் குவானைன் (ஜி). எதிர் இழைகள் இரண்டும் அப்படியே: ஒன்றில் தைமின் (டி), மற்றதில் சைட்டோசின் (சி). இந்த நான்கையும் சோடி சேர்த்தால் நான்கு ஈரிழைகள் கிடைக்கும். நடுவில் ஏ–டி இருப்பதும் ஜி–சி இருப்பதும் முறையானவை. ஜி–டி, ஏ–சி இரண்டும் பொருந்தாதவை. ஒவ்வொரு இழையும் ஒரு சரியான ஈரிழையிலும் ஒரு தவறான ஈரிழையிலும் பங்கெடுக்கிறது. இந்த அமைப்பு எவ்வளவு உதவப்போகிறது என்று தொடங்கும்போது எங்களுக்குத் தெரியாது.

மழைக்கு முன்னால் எடுத்த அளவுகள் ஒழுங்காக இருந்தன. பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), 100 மில்லிமோலார் உப்பு, 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல், நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூடேற்றம். ஏ–டி ஈரிழை 48 டிகிரியில் பாதி பிரிந்தது. ஜி–சி 51-இல். ஜி–டி 42-இல். ஏ–சி 35-இல். பாடப்புத்தகம் சொல்லும் வரிசையும் இதுதான். ஜி–டி பரவாயில்லை, ஏ–சி மோசம்.

பிறகு வடகிழக்குப் பருவமழை. கல்லூரிக்கு விடுமுறை, அடிக்கடி மின்வெட்டு. ஆய்வகம் திறந்ததும் பழைய பஃபர் தீர்ந்துவிட்டதால் புதிதாகத் தயாரித்து, நான்கு ஈரிழைகளையும் மறுபடி அளந்தார். ஏ–டி, ஜி–சி, ஜி–டி மூன்றும் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தன. ஏ–சி மட்டும் 38.6-க்கு ஏறியிருந்தது. இன்னொரு முறை எடுத்தார். 38.5.

"மேடம், கரண்ட் போனதுல ஃப்ரீசர் நின்னு ஆலிகோ கெட்டுப்போச்சு போல" என்றார்.

"கெட்டுப்போனா இறங்கணும்மா. இது ஏறியிருக்கே" என்றேன்.

அப்போது வேகமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த இரண்டு நாள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தோம்.

சந்தேகங்களைக் கழித்த விதம்

உருகு வெப்பநிலையை, அதாவது ஈரிழை பாதி பிரியும் வெப்பநிலையை, மாற்றக்கூடியவை பல. இழைகளின் செறிவு கூடினால் ஏறும். உப்பு கூடினால் ஏறும். கரைசல் வைக்கும் குவெட்டில் காற்றுக்குமிழி இருந்தால் வரைபடமே கோணலாகும். சூடேற்றும் வேகம் அதிகமானால் கரைசலின் வெப்பநிலை கருவி காட்டும் வெப்பநிலைக்குப் பின்தங்கும். இவை ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியைக் கேட்டோம்: இது நடந்திருந்தால் மற்ற மூன்று ஈரிழைகளும் சும்மா இருந்திருக்குமா?

உப்பு கூடியிருந்தால் நான்கும் ஏறியிருக்க வேண்டும். கருவியின் வெப்பநிலை பிசகியிருந்தாலும் அப்படித்தான். சரி, ஒரு குறிப்பிட்ட ஆலிகோவின் செறிவு மட்டும் மாறியிருந்தால்? அடினைன் இழையில் கோளாறு என்றால் அது பங்கெடுக்கும் ஏ–டி ஈரிழையிலும் தெரிந்திருக்கும். சைட்டோசின் இழையில் என்றால் ஜி–சி-யில் தெரிந்திருக்கும். இரண்டும் அசையவில்லை. ஆக, இழைகள் தனித்தனியே நல்லபடியாக இருக்கின்றன. அவை இரண்டும் சேரும் இடத்தில், அந்த நடு இணையில்தான் ஏதோ மாறியிருக்கிறது.

காய்ச்சி வடித்த தண்ணீர் மீதும் கொஞ்ச நேரம் பழி விழுந்தது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைப் பிடித்துவைத்த தண்ணீரின் பிஎச் 5.6 வரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அளவு அமிலத்தைத் தாங்குவதற்காகத்தானே பஃபர் போடுகிறோம். அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பிஎச் என்ற சொல் வாயில் வந்ததுமே இருவரும் பஃபர் பாட்டிலைப் பார்த்தோம்.

பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடு விடுமுறையில் காய்ந்துபோயிருந்தது. அதனால்தான் புதிய பஃபரின் பிஎச்சை அளக்காமல், அட்டவணையில் உள்ள அளவுகளை நம்பிக் கலந்திருந்தார். "அட்டவணைப்படி போட்டா போதும்" என்று அனுமதி கொடுத்தது நான். எலக்ட்ரோடை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஊறவைத்துவிட்டு, அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் புரோமோதைமால் நீலத்தை எடுத்தோம். பிஎச் 6.0-இல் மஞ்சள், 7.6-இல் நீலம் காட்டும் சாயம் அது. பழைய பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த சில துளிகளில் விட்டோம்: நீலம் கலந்த பச்சை. புதிய பஃபரில் விட்டோம்: மஞ்சள்.

அந்த மஞ்சளைப் பார்த்தபோது மாணவியின் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெரிய மகிழ்ச்சி. டிஎன்ஏ எங்களிடம் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது சரிதான்.

தவறு எங்கே என்று தேடினோம். பாஸ்பேட் பஃபர் இரண்டு இருப்புக் கரைசல்களைக் கலந்து செய்வது. ஒன்று சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், இன்னொன்று டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். பிஎச் 7.4-க்கு முதலாவது 19 பங்கு, இரண்டாவது 81 பங்கு. எங்கள் பாட்டில்களில் 'பாஸ்பேட் 1', 'பாஸ்பேட் 2' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் குறிப்பேட்டில் வரிசை தலைகீழ். ஆக 81 பங்கு டைஹைட்ரஜனும் 19 பங்கு மற்றதும் கலந்துவிட்டன. அதே அட்டவணையில் அந்த விகிதத்துக்கு நேராகப் பார்த்தால் பிஎச் 6.2. மறுநாள் எலக்ட்ரோடு தேறியதும் அளந்தோம். 6.2 தான்.

ஏன் அந்த ஓர் இணை மட்டும்?

இதுதான் இந்த நிகழ்வின் உயிரான பகுதி.

ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் வேண்டும். அடினைனில் ஆறாம் கார்பனில் தொங்கும் அமினோ தொகுதி ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கும். அதன் ஒன்றாம் நைட்ரஜன் வாங்கும். தைமின் எதிரே நின்றால் எல்லாம் பொருந்திவிடும். சைட்டோசின் எதிரே நின்றால்? சைட்டோசினின் மூன்றாம் நைட்ரஜனும் வாங்குவது, இரண்டாம் கார்பனிலுள்ள ஆக்சிஜனும் வாங்குவது. அடினைன் சற்று விலகி நின்று தன் அமினோ ஹைட்ரஜனை சைட்டோசினின் மூன்றாம் நைட்ரஜனுக்குக் கொடுத்தாலும், அடுத்த இடத்தில் அடினைனின் ஒன்றாம் நைட்ரஜனும் சைட்டோசினின் ஆக்சிஜனும் நேருக்கு நேர் வருகின்றன. இரண்டு பேரும் கை நீட்டி வாங்கக் காத்திருப்பவர்கள். கொடுக்க ஆளில்லை. எதிர்மின் அடர்த்தி கொண்ட இரு முனைகள் ஒன்றையொன்று தள்ளும்.

இப்போது கரைசலிலிருந்து ஒரு புரோட்டான் வந்து அடினைனின் ஒன்றாம் நைட்ரஜனில் உட்கார்ந்தால் நிலைமை முழுக்க மாறிவிடும். வாங்குபவர் கொடுப்பவராகிறார். இரண்டாவது ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகிறது. இணையின் வடிவம், சற்று விலகி நின்று சேரும் ஜி–டி தள்ளாட்ட இணையின் வடிவத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இதைப் படிகத்தில் காட்டியவர்கள் 1986-இல் ஹண்டர், பிரவுன், ஆனந்த், கென்னார்ட் ஆகியோர். அதில் ஓல்கா கென்னார்டின் பெயரைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் பெங்களூர் படிகவியலாளர் எம். ஏ. விஸ்வமித்ராவின் நினைவு வரும். 1978-இல் நான்கு எழுத்து டிஎன்ஏ துண்டின் அமைப்பை அணு அளவுத் தெளிவில் வெளியிட்ட குழுவில் இருவரும் இருந்தார்கள்.

"ஆனா மேடம், அடினைனோட பிகேஏ மூணரை தானே? பிஎச் 6.2-ல எப்படி புரோட்டான் ஏறும்?" என்று மாணவி கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் பாடத்தை உண்மையில் படித்தவர். பிகேஏ என்பது பாதி மூலக்கூறுகளில் புரோட்டான் ஏறியிருக்கும் பிஎச். தனியே நீரில் மிதக்கும் அடினைனின் ஒன்றாம் நைட்ரஜனுக்கு பிகேஏ சுமார் 3.5. அப்படியானால் பிஎச் 7-இல் மூவாயிரத்தில் ஒன்றுக்குத்தான் புரோட்டான் இருக்கும். ஈரிழைக்குள் போனதும் அந்த எண் மூன்று, நான்கு அலகுகள் மேலே நகர்கிறது. ஏ–சி இணைகளில் 6.5-க்கும் 8-க்கும் இடையே மதிப்புகள் அளக்கப்பட்டுள்ளன.

ஓர் அலகு நகர்வுக்கு சுமார் 1.4 கிலோகலோரி ஆற்றல் வேண்டும். மூன்று அலகு என்றால் நான்கு கிலோகலோரிக்கு மேல். இந்த ஆற்றலை யார் தருகிறார்கள்? ஒரு பங்கு அந்த இரண்டாவது ஹைட்ரஜன் பிணைப்பு. இன்னொரு பங்கு சுற்றிலும் உள்ள பாஸ்பேட்களின் எதிர்மின்சுமை: நேர்மின் கொண்ட ஒரு புரோட்டானுக்கு அந்த இடம் தண்ணீரைவிட வசதியானது. மேலும் கீழுமாக அடுக்கி நிற்கும் அண்டைக் காரங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஏ–சி இணையை ஈரிழையின் நடுவில் வைத்தால் நகர்வு அதிகம், ஓரத்தில் வைத்தால் குறைவு. ஓரம் எந்நேரமும் கொஞ்சம் பிரிந்து பிரிந்து சேரும். அங்கே புரோட்டானைப் பிடித்துவைக்கும் கூடு சரியாக அமைவதில்லை.

உப்பும் இதில் நுழைகிறது. உப்பு அதிகமானால் சோடியம் அயனிகள் பாஸ்பேட்களைச் சூழ்ந்துகொள்ளும், புரோட்டானுக்குக் கிடைத்த ஈர்ப்பு குறையும், பிகேஏ இறங்கும். இது கேட்க விசித்திரமாக இருக்கலாம். முறையான ஈரிழையை உப்பு பலப்படுத்துகிறது. அதே உப்பு, புரோட்டான் ஏறிய இணையிடமிருந்து ஒரு சலுகையைப் பறிக்கிறது. பிஎச் மட்டும் எழுதி உப்பின் அளவை எழுதாமல் விட்ட ஏ–சி முடிவை நான் நம்பமாட்டேன்.

எங்கள் ஈரிழைக்கு பிகேஏ 6.7 அருகில் என்று பின்னால் கணக்கிட்டோம். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் பிஎச் 7.4-இல் நூறு ஏ–சி இணைகளில் சுமார் 17-இல்தான் புரோட்டான் இருந்திருக்கும். 6.2-இல் சுமார் 76-இல். மூன்றரை டிகிரி அங்கிருந்து வந்தது. ஏ–டி, ஜி–சி, ஜி–டி மூன்றுக்கும் இந்த பிஎச் எல்லைக்குள் புரோட்டான் வாங்கவோ விடவோ எந்தத் தேவையும் இல்லை. அதனால் அசையவில்லை. ஜி–டி-க்கும் ஓர் அமில–கார ரகசியம் உண்டு, ஆனால் அது எதிர்த்திசையில்: பிஎச் ஏறும்போது ஒரு புரோட்டானை இழந்து, முறையான இணையாகிய வாட்சன்–கிரிக் இணை போன்ற வடிவத்துக்கு மாறும்.

மறுபடி, இந்த முறை வேண்டுமென்றே

பஃபரைச் சரியாகச் செய்து அளந்ததும் ஏ–சி 35-க்குத் திரும்பியது. அத்தோடு விட்டிருக்கலாம். மாணவிதான் விடவில்லை. பிஎச் 5.5-இலிருந்து 8 வரை அரை அலகு இடைவெளியில் எடுக்கலாம் என்றார். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

பிஎச் கூடிய பக்கத்தில் வரைபடம் ஏறக்குறைய தட்டையாக இருந்தது. ஏழுக்குக் கீழே ஏறத் தொடங்கி, ஆறுக்கும் கீழே இறங்கியதும் ஜி–டி-யின் 42-ஐ நெருங்கியது. நடுநிலை பிஎச்சில் மிக மோசமான இணைகளுள் ஒன்று, கொஞ்சம் அமிலம் சேர்ந்ததும் தள்ளாட்ட இணைக்குச் சமமாக நிற்கிறது. ஐந்துக்குக் கீழே நாங்கள் போகவில்லை. அங்கே போனால் சைட்டோசினின் மூன்றாம் நைட்ரஜனும் புரோட்டான் ஏற்கத் தொடங்கும், அதன் பிகேஏ 4.2 அளவில் உள்ளது. முறையான ஜி–சி இணைகளே ஆட்டம் காணும். அப்போது ஏறுவதும் இறங்குவதும் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிஎச் 8 புள்ளியில் ஒரு தடுமாற்றம் வந்தது. அதற்கு மட்டும் டிரிஸ் பஃபர் போட்டிருந்தோம். டிரிஸின் பிஎச் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்த கரைசல், ஈரிழை உருகும் 35 டிகிரியில் 7.7-க்கு வந்துவிடும். பாஸ்பேட்டில் இந்த இறக்கம் அதில் பத்தில் ஒரு பங்குதான். பொதுவாக உருகல் வரைபடம் எடுப்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புரோட்டான் ஏறும் இணையோடு வேலை செய்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏனென்றால் சூடேற்றும்போதே அளவுகோலும் நகர்கிறது. அந்தப் புள்ளியை பாஸ்பேட்டிலேயே திரும்ப எடுத்தோம்.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உருகு வெப்பநிலை பிஎச்சோடு மாறுவது புரோட்டான் ஏறுவதற்கான மறைமுகச் சான்று மட்டுமே. அது அடினைனின் ஒன்றாம் நைட்ரஜனில்தான் உட்கார்ந்தது என்று நேராகக் காட்ட என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வேண்டும். ஒன்றாம் நைட்ரஜனில் புரோட்டான் ஏறினால் பக்கத்திலுள்ள இரண்டாம் கார்பனின் சமிக்ஞை நன்றாக இடம் மாறும். எங்களிடம் அந்த வசதி இல்லை. நாங்கள் மற்றவர்கள் செய்து காட்டியதன் மேல் நின்று பேசுகிறோம்.

ஆர்என்ஏ-வில் இது தவறே அல்ல

டிஎன்ஏ-வில் ஏ–சி இணை என்றால் பிரதியெடுக்கும்போது நேர்ந்த பிழை என்றே பேசுவோம். பிழைநீக்கும் மியூட்எஸ் புரதம் அதைப் பிடித்துவிடும். ஜி–டி-யையும் பிடிக்கும். சி–சி-யைத்தான் அதிகம் தவறவிடும். பிடிபடாமல் போனால் அது மரபுப் பிறழ்வாக நிலைத்துவிடும். டிஎன்ஏ-வைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸின் பிடிக்குள் ஏ–சி இணை வாட்சன்–கிரிக் இணையைப் போலவே வேடம் போட முடியும் என்பதை 2011-இல் வாங், ஹெலிங்கா, பீஸ் மூவரும் படிக அமைப்பில் காட்டினார்கள்.

ஆர்என்ஏ-வில் கதை வேறு. அங்கே புரோட்டான் ஏறிய ஏ–சி ஓர் உறுப்பு. ஈயத்தின் துணையோடு தன்னையே வெட்டிக்கொள்ளும் ஒரு சிறிய ஆர்என்ஏ உண்டு. அதன் வெட்டுமிடத்துக்கு அருகிலுள்ள 25-ஆம் அடினைனின் பிகேஏ 6.5 என்று 1990-களில் லெகோவும் பார்டியும் என்எம்ஆர் மூலம் அளந்தார்கள். ஆர்என்ஏ-வை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசியோசோமின் யு6 ஆர்என்ஏ-விலும் இப்படி ஓர் இணை இருக்கிறது. ஜி–யு இணையோடு (ஆர்என்ஏ-வில் தைமினுக்குப் பதில் யுராசில், யு) வடிவம் ஒத்துப்போவதால், ஒரே ஆர்என்ஏ-வை இனம்விட்டு இனம் ஒப்பிட்டால் ஓர் இனத்தில் ஏ–சி இருக்கும் இடத்தில் இன்னோர் இனத்தில் ஜி–யு நிற்பதைக் காணலாம். பரிணாமம் இரண்டையும் ஒரே செங்கல்லாகப் பயன்படுத்துகிறது.

எலிகளுக்கு லுக்கேமியா தரும் ஒரு ரெட்ரோவைரஸில் இது இன்னும் நுட்பம். புரதம் செய்வதை நிறுத்தச் சொல்லும் குறியீட்டுக்கு அடுத்தபடி அதன் ஆர்என்ஏ ஒரு முடிச்சாக மடிந்திருக்கும். அதில் ஓர் அடினைன் புரோட்டானைப் பெற்றால்தான் முடிச்சு இறுகி, புரதம் செய்யும் ரைபோசோம் நிறுத்தக் குறியைத் தாண்டிப்போகும். 100-இல் ஐந்து முதல் பத்து முறை மட்டும் இப்படித் தாண்டுவது வைரஸுக்குத் தேவை. அந்தக் குறைந்த பங்கை ஒரு புரோட்டானின் வரவு செலவு தீர்மானிக்கிறது.

ரைபோசோம் என்றதும் எங்கள் பக்கத்து ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் ரைபோசோமின் அமைப்புக்காக 2009-இல் நோபல் பெற்றார். ரைபோசோமில் அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடத்துக்கு அருகே, ஈ. கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கைப்படி 2450-ஆம் அடினைனும் 2063-ஆம் சைட்டோசினும் தள்ளாட்ட இணையாக நிற்கின்றன. புரோட்டான் ஏறிய நிலைக்குப் பொருந்தும் அமைப்பு அது. அதற்கு அடுத்த 2451-ஆம் அடினைனின் பிகேஏ 7.6 என்று 2000-இல் ஒரு முடிவு வந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. மறு ஆண்டே அது செயலற்ற ரைபோசோம்களின் வடிவ மாற்றத்தால் வந்த தோற்றம் என்று காட்டப்பட்டது. எங்கள் பஃபர் கதையைவிடப் பல மடங்கு பெரிய இடத்தில் நடந்தது, ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அதேதான்: பிஎச்சோடு மாறியது நாம் நினைத்த அணுவா, வேறொன்றா?

சைட்டோசினும் சைட்டோசினும் ஒரே புரோட்டானைப் பங்கிட்டு நிற்கும் இணையை மட்டும் வைத்து நான்கு இழைகள் பின்னிக்கொள்வதும் உண்டு. 1993-இல் கெரிங், லெராய், கெரோன் கண்ட ஐ-மோட்டிஃப் அது. அமிலக் கரைசலில் மட்டுமே இருக்கும் விந்தை என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2018-இல் சிட்னியில் ஒரு குழு அதை மனிதச் செல்லின் உட்கருவிலேயே எதிர்ப்பொருளால் அடையாளம் கண்டது. இதைச் சொன்னதிலிருந்து மாணவிக்கு அடுத்த திட்டம் மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. அது வேறு வேலை, இங்கே விரிக்கவில்லை.

தவறாகக் கலந்த பஃபரைக் கொட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று மாணவி பாட்டிலை எடுத்தபோது தடுத்தேன். அரை அலகு இடைவெளியில் நாங்கள் எடுத்த புள்ளிகளில் ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே, வரைபடம் செங்குத்தாக ஏறும் இடத்தில், ஓர் எண் தேவைப்பட்டது. பழைய லேபிளைக் கிழித்துவிட்டு, இரண்டு பாஸ்பேட்களின் முழுப் பெயரையும் பங்கையும், 6.2 என்ற பிஎச்சையும், அளந்த வெப்பநிலையையும் தேதியையும் அவரே எழுதி ஒட்டினார். 38.5, 38.6 என்ற இரண்டு எண்களும் அந்தப் பெயரோடு வரைபடத்தில் ஏறின.